ஆசனூர் தாண்டி முப்பத்தெட்டு கிலோமீட்டர்

வேண்டாங்க டாக்டர், காப்பியெல்லாம் வேண்டாம். வர்ற வழியில குடிச்சுப்போட்டுத்தான் வந்தனுங்க. நீங்க உக்காருங்க. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா காலங்காத்தால கேட்டைத் தட்டறானேன்னு நெனைக்கப்படாது. அடையாளம் தெரியுதுங்களா? நாச்சிமுத்து, திருப்பூரு, எம்பிராய்டரி யூனிட்டு. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஆவணி மாசம் நீங்க எங்கிட்டத்தான் அந்த ஜப்பான் பைக்க வெலைக்கு எடுத்துட்டு வந்தீங்க. ஆ, அதே ஆளுதானுங்க. கொஞ்சம் எளச்சுட்டேன், அவ்வளவுதான்.

வண்டி செட்டுக்குள்ள நிக்கறதை வரும்போதே பாத்துட்டேன். நல்லா வெச்சிருக்கறீங்க. முன்டயரு மாத்தியிருக்கறீங்க போல. சரி, வந்த விசயத்தச் சொல்லிப்போடறேன், சுத்தி வளைக்கற பழக்கம் எனக்கு இல்ல. வாசல்ல நிக்குதுங்களே, நான் ஓட்டிட்டு வந்த ஜெர்மன் வண்டி, அதை நீங்க வெச்சுக்கோங்க. செட்டுக்குள்ள நிக்கற என்ற பழைய வண்டியக் குடுத்துருங்க. வண்டிக்கு வண்டி. நீங்க ஒரு ரூவா சேத்தித் தர வேண்டாம். ஆர்சி மாத்தறதுக்கு அலையறதுகூட நானே அலைஞ்சுக்கறேன்.

பாத்தீங்களா, பயந்துட்டீங்க. இத்தனை எச்சா வெலை வண்டிய ஒருத்தன் சும்மா நீட்டுனா யாருக்கும் பயந்தான் வரும். அடிபட்ட வண்டியா, கோர்ட்டுல கேஸு இருக்குதான்னு தோணும். ஒண்ணும் இல்லீங்க. கீறல்கூட இல்ல. ஒம்போதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்குது. நானு ரெண்டையும் ஓட்டுனவன். நேர்மையா ஒப்பிட்டுச் சொல்றேன், கேட்டுப்போட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

மொதல்ல உங்க வண்டி, அதாவது என்ற பழைய வண்டி. நாலு சிலிண்டர், ஆயிரத்து முன்னூறு சிசி, எரநூத்தித் தொண்ணூறு கிலோ. நிக்கும்போது எருமை. ஓட ஆரம்பிச்சாத்தான் குதிரை. அஞ்சாவது கியருல நாப்பதுல போட்டாலும் மொனகாம இழுக்கும். கொறைன்னா, வெயில் காலத்துல எடது கெண்டைக்கால்ல சூடு அடிக்கும். டவுன்ல திருப்பறது கஷ்டம். முன் கண்ணாடிய மேல தூக்குனா காத்து பின்னாடி இருக்கறவங்க தலைல போயி மொத்தும். அதுல எங்க வசந்தாவுக்கு தலைவலி வரும். வசந்தாமணி, என்ற ஊட்டுக்காரி. அன்னைக்கு உங்களுக்கு பஜ்ஜி போட்டுக் குடுத்தாளே.

பதினோரு வருசம் ஓட்டுனனுங்க அதை. எழுபத்திரெண்டாயிரம் கிலோமீட்டர். அதுல அறுபதாயிரத்துக்கு மேல அவ பின்னாடி உக்காந்து வந்தது. தனுஷ்கோடி, ஹம்பி, கோகர்ணா, ஒருக்கா லடாக் வரைக்கும். ஊர்ல ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் சிரிப்பாங்க. கல்யாண வயசுல புள்ளைய வெச்சுக்கிட்டு இதுக ரெண்டும் சட்டை பேண்ட்டு மாட்டிக்கிட்டு ஊரு சுத்துதுகன்னு. சிரிச்சுட்டுப் போகட்டும்னு உட்டுட்டோம்.

அந்த வண்டில அவ ஏறுனா எனக்குத் தெரியுமுங்க. வண்டி பின்னால ரெண்டு வெரக்கடை எறங்கும். நான் ரெண்டு காலையும் ஊனி இறுக்கிப் புடிச்சுக்கோணும். புடிக்காட்டி சாஞ்சுரும். அதனால எங்களுக்குள்ள ஒரு பழக்கம். அவ ஏறி, நல்லா உக்காந்து, சேலையா இருந்தா சேலையச் சொருகி, சுடிதார்னா துப்பட்டாவச் சுத்தி, என்ற தோள்ல ரெண்டு தட்டு தட்டுவா. அது இல்லாம நான் கிளட்ச்ச உடமாட்டேன். பதினோரு வருசத்துல ஒரு நாள்கூட உட்டதில்ல. பெரிய வண்டி ஓட்டறவங்க எல்லாரும் அப்படித்தான் வெச்சிருப்பாங்க, உங்களுக்குத் தெரியாததா?

இப்ப இந்த ஜெர்மன் வண்டி. ஆறு சிலிண்டர், ஆயிரத்து அறநூறு, நூத்தி அறுபது குதிரை. எடை முன்னூத்தம்பது வருது, ஆனா ஓட்டும்போது அதுல பாதிதான் தெரியும். பின்னால போறதுக்கு ரிவர்ஸ் இருக்குது. பாட்டு இருக்குது. சீட்டுக்கு ஹீட்டரு இருக்குதுங்க. திருப்பூருல! வைகாசி மாசம் ஒருக்கா தெரியாமக் கை பட்டு அது ஆன் ஆயிருச்சு, பல்லடம் போறதுக்குள்ள நான் வெந்துட்டேன். சரி அத உடுங்க. எஞ்சின் ஓடுதான்னு காதை வெச்சுத்தான் கேக்கோணும். ஒரு டம்ளர் தண்ணிய டேங்க்கு மேல வெச்சா அலுங்காது. நெசமாலுமே வெச்சுப் பாத்தனுங்க.

என்னங்க? அப்பறம் ஏன் மாத்தோணும்னு கேக்கறீங்களா? அதுக்குத்தான் வர்றேன்.

இதை நான் வாங்குனது ஒரே ஓட்டத்துல. கோயமுத்தூருல ஓட்டிப் பாக்கக் குடுத்தாங்க. அவிநாசி ரோட்டுல எட்டு கிலோமீட்டர் போயிட்டு வந்தேன், பேனாவக் குடுங்கன்னு சொல்லிட்டேன். ஊட்டுக்காரியக் கேட்டீங்களான்னா, கேட்டனுங்க. கருப்பா நீலமான்னு கேட்டேன். அவ, "பழசுக்கு என்னங்க ஆச்சு?"ன்னா. ஒண்ணும் ஆகல, இது இன்னும் நல்ல வண்டின்னேன். "சரி நீலம்"னா. நீங்க பழைய வண்டிய எடுத்துட்டுக் கெளம்பறப்ப அவ வெளிய வரல, கவனிச்சிருப்பீங்க. எண்ணைச் சட்டிகிட்ட நின்னதுல தலைவலியாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.

புது வண்டில அவளுக்குன்னு பண்ணி வெச்சிருக்கற வசதியச் சொன்னா நம்பமாட்டீங்க. பாருங்க, நீங்களே பாருங்க. சோபா மாதிரி சீட்டு, முதுகுக்கு மெத்தை, ரெண்டு பக்கமும் கை வெக்கறதுக்கு இடம். பழைய வண்டில பாவம் என்னைய ஒட்டி, இடுப்பப் புடிச்சுக்கிட்டு, என்ற தோளுக்கு மேல எட்டி எட்டி ரோட்டப் பாத்துக்கிட்டு வருவா. இதுல அந்தத் தொந்தரவே இல்ல. எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு முழம் இடம் இருக்குது. தொட வேண்டிய அவசியமே இல்லீங்க.

தட்டற பழக்கத்தையும் நான்தான் நிறுத்துனேன். இதுல திரையில ஒரு படம் வரும். ஒரு ஹெல்மெட் படம்னா தனியாப் போறது, ரெண்டு ஹெல்மெட்னா ரெண்டு பேரு. நாம காலைல ரெண்டு ஹெல்மெட் படத்த வெச்சுட்டாப் போதும், பின்னாடி ஸ்பிரிங்க அதுவே கெட்டியாக்கி வெச்சுக்கும். ஆளு ஏறுனா எறங்காது, ஆடாது. "இனிமேத் தட்டாத அம்மிணி, தேவையில்ல, எல்லாம் வண்டி பாத்துக்கும்"னேன். ரெண்டு மூணு நாளு பழக்க தோசத்துல தட்டுனா. அப்பறம் உட்டுட்டா.

ஹெல்மெட்டுல இண்டர்காமும் மாட்டுனேன். பழைய வண்டில அவ பேசோணும்னா என்ற காதுகிட்ட வந்து கத்தோணும். இதுல மைக்கும் ஸ்பீக்கரும் ஹெல்மெட்டுக்குள்ளயே. மொதல்ல நெம்பப் பேசுனா. மயிலு நிக்குது பாருங்க, அந்தக் கோயில் கோபுரத்தப் பாருங்க, இந்த ஊட்டுல மல்லி பந்தல் போட்டிருக்காங்க பாருங்க. வளைவுல திரும்பறப்ப காதுக்குள்ள அப்படிக் கேட்டா எனக்குக் கவனம் செதறுதுங்க. நூத்தி அறுபது குதிரை, வெளையாட்டா? "அவசியம்னா மட்டும் பேசு கண்ணு"ன்னு சொன்னேன். கோவமாச் சொல்லல. கண்ணுன்னுதான் சொன்னேன்.

அதுக்கப்பறம் நான்தான் பேசுவேன். வண்டியப் பத்திச் சொல்லிக்கிட்டே போவேன். இந்த இடத்துல பழைய வண்டின்னா ரெண்டு கியரு கொறைச்சிருக்கோணும், இது பாரு மூணாவதுலயே ஏறுது, அப்படின்னு. அவளும் கேட்டுக்கிட்டு வருவா.

மார்கழி மாசம் மைசூரு போலாம்னு கெளம்புனோம். காலைல அஞ்சரைக்கு. சத்தியமங்கலம் தாண்டி திம்பம் ஏறுனோம். இருவத்தேழு ஹேர்பின்னு. அதுல லாரிக்காரனுக்கு வழி உட்டு உட்டு, எட்டரைக்குத்தான் மேல போனோம். ஆசனூர்ல ஒரு டீக்கடை. நெம்பக் குளிரு. டீ குடிச்சோம். அவ வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்குனா. நான் போயி வண்டியில உக்காந்து ஹெல்மெட்ட மாட்டி ஸ்டார்ட் பண்ணிட்டேன். அவளும் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுத்தான் பின்னால வந்தா. கடலைப் பொட்டலத்த வெக்கறதுக்கு பின்பெட்டியத் தொறந்துருக்கா. வெச்சுட்டு மூடியிருக்கா. வண்டி லேசா ஒரு ஆட்டம் ஆடுச்சு. திரையப் பாத்தேன். ரெண்டு ஹெல்மெட் படம் இருந்துச்சு.

கெளம்பிட்டனுங்க.

ஆமாங்க. அவ இல்லாமத்தான்.

சிரிச்சாச் சிரிச்சுக்கோங்க, பரவால்ல, எங்க யூனிட்டுல மூணு நாளு சிரிச்சாங்க. எனக்கே இப்பச் சொல்லும்போது வேற எவனோ பண்ணுன வேலையாட்டத்தான் இருக்குது. கண்ணாடியில தெரியலையான்னு கேப்பீங்க. நீங்களும் ஓட்டறவரு, உங்களுக்கே தெரியும், இந்த மாதிரி வண்டில பக்கத்துக் கண்ணாடியில பெட்டிதான் தெரியும், ஆளு தெரியாது. படம் மாறலையான்னா, அது நானே காலைல வெச்ச படம், நானே மாத்தாம அது எப்படி மாறும்? வண்டி மேல தப்புச் சொல்ல மாட்டேன். வெச்சதை வெச்ச மாதிரி காட்டுச்சு.

ஆசனூர்ல இருந்து காட்டு ரோடு. யானை லத்தி கெடந்துச்சு, அதச் சொன்னேன். செக்போஸ்ட்டுல பைக்குன்னா நிறுத்த மாட்டாங்க, கையக் காட்டுனாங்க, வந்துட்டேன். பேசிக்கிட்டே வந்தேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர். ட்ரிப் மீட்டரப் பாத்துத்தான் சொல்றேன். சாம்ராஜ்நகருக்குப் பக்கத்துல பெட்ரோல் பங்க்குல நிறுத்தி, "எறங்கிக்க அம்மிணி, டேங்க் ரொப்பிக்கலாம்"னேன். பங்க்குப் பையன் என்னைய ஒரு மாதிரி பாத்தான். "யாரு சார் எறங்கோணும்?"னு கேட்டான்.

டாக்டர், ஒரு விசயம் உங்ககிட்ட மறைக்காமச் சொல்லோணும். முப்பத்தெட்டு கிலோமீட்டர் நான் பேசுனதுக்குப் பதிலே வரலீங்க. ஒரு 'ம்' கூட வரல. எனக்கு அது வித்தியாசமாவே தெரியல. அது எப்படின்னு பங்க்குல நின்னு யோசிச்சேன். அப்பத்தான் நெனப்பு வந்துச்சு, அதுக்கு முந்தின ஒரு மாசமும் பதில் வந்ததில்ல.

திரும்பி ஓட்டுனேன். எப்படி ஓட்டுனேன்னு ஞாபகமில்ல. கடைக்காரரு என்னையப் பாத்ததும் கல்லாவுக்குப் பின்னால இருந்து அவ ஹெல்மெட்ட எடுத்து வெச்சாரு. "அக்கா இதக் குடுக்கச் சொல்லிட்டுப் போச்சுங்க. சத்தி பஸ்ஸு ஏறிருச்சு"ன்னாரு. அழுதாளான்னு கேட்டேன். "இல்லீங்களே. இன்னொரு டீ வாங்கிக் குடிச்சுது. சக்கரை கொஞ்சம் எச்சாப் போடச் சொல்லுச்சு"ன்னாரு. போன் போட்டேன். எடுத்தா. "பஸ்ஸுல இருக்கறேன். நீங்க மெல்லப் பாத்து வாங்க"ன்னா. கோவமே இல்ல கொரல்ல. சரி தப்பிச்சோம்னு நெனச்சனுங்க.

ஊட்டுக்கு வந்தா ஊடு பூட்டிக் கெடக்குது. கோபிச்செட்டிபாளையத்துல அவங்கப்பா ஊடு ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அங்க போயிட்டா. போயி எட்டு மாசம் ஆச்சு. நானும் போறேன், வர்றேன். இந்த வண்டிலதான் போவேன். சோறு போடறா. கொழம்பு பழைய ருசிதான். அதாவது ருசியாத்தான் இருக்கும், எனக்குத்தான் இப்பக் கொஞ்ச நாளா ஒண்ணும் தெரியறதில்ல. "ஏறு, ஊட்டுக்குப் போலாம்"பேன். கேட்டு வரைக்கும் வருவா. வண்டிய ஒரு பார்வ பாப்பா. "நீங்க போங்க, நான் பஸ்ஸுல வந்துக்கறேன்"பா. எட்டு மாசமா அந்த பஸ்ஸு வரலீங்க.

எங்க மக சிந்துஜா பெங்களூருல இருக்கறா. அவ போன்ல என்னையப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. "அம்மாட்ட ஒழுங்கா மன்னிப்புக் கேட்டீங்களாப்பா?"ன்னா. கேட்டனுங்களே! ரெண்டு மணி நேரம் உக்காந்து, ஸ்பிரிங்கு எப்படி வேலை செய்யுது, அந்தப் படம் ஏன் மாறாது, பின்பெட்டி மூடுனா எத்தனை ஆட்டம் வரும், எல்லாம் பேப்பருல வரைஞ்சு காட்டி மன்னிப்புக் கேட்டேன். பூராவும் கேட்டா. பேப்பர மடிச்சு எங்கிட்டயே குடுத்துட்டா.

எனக்கு எப்படி இருக்குதுன்னா டாக்டர், எட்டு மணி நேரம் ஓட்டிட்டு எறங்குனா கையி மரத்துப் போயி, டம்ளரப் புடிச்சாலும் புடிச்ச மாதிரியே தெரியாது பாருங்க, அப்படி இருக்குது. வலியெல்லாம் இல்ல. யூனிட்டுக்குப் போறேன், மிஷினு ஓடுது, நூலு அறுந்தா மாட்டறேன். சாயந்தரம் பூட்டைத் தொறந்து உள்ள போறேன். டிவி போட்டா யாரோ பேசறாங்க.

அதனாலதான் வந்தேன். கணக்குப் போட்டுப் பாத்துட்டனுங்க, கோளாறு இந்த வண்டி மாத்துனதுலதான். பழைய வண்டில இது நடந்திருக்கவே நடந்திருக்காது. அவ ஏறுனாத்தான் அது எறங்கும், எறங்குனாத்தான் நான் எடுப்பேன். எட்டு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டு நானே சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டேன். இன்னைக்கு நீங்க சரின்னா, இங்கிருந்து நேரா கோபிக்குப் போறேன். அவ ஊட்டு வாசல்ல பழைய வண்டிச் சத்தம் கேட்டா வெளிய வந்துருவா. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அப்பெல்லாம் தெருமொனையில நான் வரும்போதே தோசைக்கல்ல அடுப்புல வெப்பா. வந்து ஏறி உக்காந்துருவா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

என்ன கேட்டீங்க? அவளக் கேட்டனான்னா? எதுக்குங்க கேக்கறது? கொண்டுபோயி நிறுத்துனாத் தெரிஞ்சுருமே.

சரி, உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்கறீங்க. சந்தோசம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க. சேலம் ரோட்டுல போங்க, அங்கதான் அதோட இழுவை தெரியும். ஹெல்மெட்டு ரெண்டும் இந்தப் பெட்டில இருக்குது, அதையும் வண்டியோடயே வெச்சுக்கோங்க. பழைய வண்டிக்கு எங்களுக்கு இதெல்லாம் வேண்டாம். இது என்னுது, இது அவளுது. சுத்தமாத்தான் இருக்கும். பட்டனை அழுத்துனா ஆன் ஆகும், நீல லைட்டு மின்னும். அன்னைக்கு டீக்கடையில கைல வாங்கறப்பக்கூட மின்னிக்கிட்டேதான் இருந்துச்சு. ஆஃப் பண்ணாமயே வெச்சுட்டுப் போயிட்டா. அவளுக்கு இந்தப் பட்டன் சமாச்சாரமெல்லாம் பழகறதுக்குக் கொஞ்ச நாளாகும்.

எத்தனை தூரம் வரைக்கும் கேக்குமா? நல்லாக் கேக்குங்க, நல்ல செட்டு. ரெண்டு வண்டில போறவங்களும் பேசிக்கலாம். தொறந்த ரோட்டுல ஒரு கிலோமீட்டர் தாராளமா வரும். நாங்க வாங்குன அன்னைக்கே சோதிச்சோம். அவள மொட்டை மாடியில நிக்க வெச்சுட்டு நான் தண்ணித்தொட்டி வரைக்கும் நடந்து போனேன். நான் மெல்லச் செருமுனதுகூட அங்க கேட்டுச்சுன்னா. அவ மூச்சு உட்டது எனக்கும் கேட்டுச்சு.

ஒரு கிலோமீட்டர்.

இருங்க டாக்டர். ஒரு நிமிசம் இருங்க. சாவிய அப்படியே வெச்சிருங்க.

ஆசனூர்ல வேகமா எடுக்க முடியாதுங்க. வேகத்தடை மூணு இருக்குது. ரோட்டுல கொரங்கு. ஒரு கிலோமீட்டர்னா ரெண்டு நிமிசத்துக்குக் கொறையாது. அவ ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுத்தான் நின்னா, லைட்டும் ஆன்ல இருந்துச்சு. அப்ப ரெண்டு நிமிசம் நான் பேசுனது அவளுக்குக் கேட்டிருக்குது. அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கும் கேட்டிருக்கும். 'நிறுத்துங்க'ன்னு ஒரு வார்த்தை. 'ஏனுங்க'ன்னாக்கூடப் போதும், நின்னிருப்பேன். நடந்து வந்து ஏறியிருக்கலாம். ரோட்டுல நின்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கறா. ஒண்ணும் சொல்லல.

இல்லீங்க, மைக்குல கோளாறு இல்ல. அப்பறம் நான் போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்குது.

என்ன பேசுனேன்னா? ஞாபகம் இருக்குதுங்க. வண்டிய எடுத்ததும் மொதல்ல சொன்னது நல்லா ஞாபகம் இருக்குது. டீக்கடையில இருந்து பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன். ரோட்டுல பள்ளம் ஒண்ணு, வண்டி அதுல எறங்குனதே தெரியல, அத்தனை அருமையாப் போச்சு. எனக்கு ஒரே சந்தோசம். "பாத்தியா வசந்தா, நீ பின்னாடி இருக்கறதே தெரியல"ன்னேன்.

வண்டியப் பாராட்டித்தானுங்க சொன்னேன்.